நவம்பர் முதலாம் திகதி அந்தக் கதவைப் பூட்டாதீர்கள்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும்,

எங்கள் ஊர் வாசிகசாலைக் கதவில் போன கிழமை ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. நவம்பர் 1 தொடக்கம் ஜனவரி 31 வரை வாசிகசாலை மூடப்படுமாம். இரவல் எடுத்த புத்தகங்களை ஒக்டோபர் 31ஆம் திகதிக்கு முன் ஒப்படைக்க வேண்டுமாம். காரணம் இரண்டு எழுதியிருந்தது. மாரியில் வாசகர் வரவு குறைவு என்பது ஒன்று. ஈரத்தில் புத்தகங்கள் பழுதாகின்றன என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வயது ஐம்பத்தைந்து. பன் புல்லில் பாய் இழைப்பது தொழில். படித்தது பத்தாம் வகுப்பு மட்டும். வாசிகசாலையில் அங்கத்தவராகிப் பத்தொன்பது வருடமாகிறது. அந்த அட்டை கையில் வந்த பிறகுதான் வாசிப்பு எனக்கு ஒரு பழக்கமாக ஆனது.

மாரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறீர்கள். ஆனால் இந்த முடிவை எடுத்த உங்கள் கூட்டத்தில் பேசியவர்கள் மாரியை வீதியில் நிற்கும் தண்ணீராகவும் அடைபட்ட மதகாகவும்தான் பார்த்திருக்கிறார்கள் போல. மாரி வீட்டுக்குள்ளும் இருக்கிறது. பெரும்போக விதைப்பு முடிந்ததும் ஆண்கள் யானைக் காவலுக்கு வயல் வட்டைக்குப் போய்விடுவார்கள். வாடியில்தான் அவர்களுக்கு இரவு. வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள், வயது போனவர்கள், பிள்ளைகள். வெள்ளம் வந்தால் பாடசாலையும் இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. உடுப்புக் காயாது. விறகு பிடிக்காது. முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். மூன்றாம் நாள் அடிபிடி தொடங்கும். ஐந்தாம் நாள் பெரியவர்களும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழத் தொடங்குவோம். இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ஐந்தாம் நாளை எப்படிக் கடப்பது என்பதுதான் மாரியின் பெரிய கேள்வி. எங்கள் தாய்மாருக்கு அதற்கு வழி தெரிந்திருந்தது. கச்சான் வறுத்து நடுவில் வைத்துவிட்டு நொடி, அதாவது விடுகதை, போடுவார்கள். தாயக்கட்டை உருளும். புளியங்கொட்டை பொறுக்கி வைத்துப் பல்லாங்குழி ஆடுவார்கள். கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவார்கள். கார்த்திகையில் பிள்ளையார் கதை விரதம் தொடங்கினால் இருபத்தொரு நாளும் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வாசிக்க ஊர் கேட்பது மாரியில் எங்களுக்குப் புதிய வழக்கமே இல்லை. அந்த வழக்கத்துக்கு உங்கள் சபை கட்டித் தந்த வீடுதான் வாசிகசாலை. அதனால்தான் இந்த முடிவு எனக்கு இவ்வளவு நோகிறது.

முதலாவது காரணத்துக்கு வருகிறேன். வரவு குறைவு என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? வாசிகசாலை மேசையில் கிடக்கும் வரவுப் புத்தகத்தை. உள்ளே வந்து உட்கார்ந்து பத்திரிகை பார்ப்பவர்கள் அதில் கையெழுத்து வைப்பார்கள். மாரியில் அந்தக் கையெழுத்து குறையத்தான் செய்யும். யார் அந்தச் சேற்றில் பத்திரிகை பார்க்க நடந்து வருவார்? ஆனால் இரவல் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்தீர்களா?

எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு. மாரியில் ஐந்து வீட்டுக்கும் ஒரு பையன்தான் போவான். ஐந்து அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, வீதி தெரிகிற நாள் பார்த்துச் சைக்கிளில் போய் வருவான். ஒரு அட்டைக்கு இரண்டு புத்தகம், ஆகப் பத்துப் புத்தகம். வரவுப் புத்தகத்தில் விழுவது ஒரே ஒரு கையெழுத்து. அதையும் சிலவேளை வைக்க மறந்துவிடுவான். அந்தப் பத்தும் ஐந்து வீட்டுக்குள்ளேயும் கைமாறிக் கைமாறிச் சுற்றும். நான் வாசித்ததையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதியோடு எழுதி வைக்கிறவள். போன வருடம் மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்திலும் நான் எடுத்தவை ஏழு. நவம்பரிலிருந்து வாசிகசாலை மூடும்வரை, ஆறு கிழமைக்குள் எடுத்தவை பதினொன்று. வெயில் காலத்தில் எனக்கு வாசிக்க நேரம் இல்லை. பன் வெட்ட வேண்டும், காயப்போட வேண்டும், சாயத்தில் அவிக்க வேண்டும். மழை தொடங்கினால்தான் கால் நீட்டி உட்காருகிறேன். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். நீங்கள் பூட்டப் பார்ப்பது எங்கள் வாசிப்புக் காலத்தை.

இரண்டாவது காரணம் புத்தகம் பழுதாவது. இதில் எனக்குக் கோபமே வருகிறது. ஏனென்றால் புத்தகம் பழுதானதை நான் கண்ணால் கண்டேன். அது எப்படிப் பழுதானது என்றும் எனக்குத் தெரியும்.

போன டிசம்பர் நடுப்பகுதியில், பொறுப்பாக இருந்தவர் இடம் மாறிப் போனதும், மாற்று ஆள் வராமல் வாசிகசாலை ஜனவரி முடியும்வரை பூட்டிக் கிடந்தது. பெப்ரவரியில் திறந்த அன்றைக்கு நானும் நின்றேன். கதவு திறந்ததும் ஊறிய சாக்கு மணம். பின்சுவர்ப் பக்கம் கூரை ஒழுகி, கீழ்த்தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். ஜன்னல் ஒன்று கூடத் திறக்காமல் ஆறேழு கிழமை. காற்று இல்லாத ஈர அறையில் பாயை அடுக்கினாலே பூஞ்சணம் பிடிக்கும், பாய் இழைக்கிறவளுக்கு இது தெரியாதா? அந்தத் தட்டில் இலங்கைப் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருந்தது. வழுவழுப்பான கடதாசி. தண்ணீர் பட்டு ஊறி, இரும்பும் மரமும் கலந்து செய்ததுபோல் ஒரே கட்டையாக ஒட்டிக் கிடந்தது. மெல்லப் பிரித்துப் பார்த்தேன். ஆறுமணிக்குருவியின் படம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தோலுரிந்தது மாதிரிக் கிழிந்து வந்தது.

அதே மாரி முழுக்க என் வீட்டில் இரண்டு வாசிகசாலைப் புத்தகம் இருந்தது. திருப்பிக் கொடுக்கக் கதவு திறக்கவில்லையே. பழைய பிஸ்கட் தகரத்துக்குள், ஒரு பிடி அரிசி வறுத்து ஆறவிட்டுத் துணியில் முடிந்து பக்கத்தில் போட்டு வைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பத்து நாளைக்கு ஒருமுறை வேறு அரிசி வறுத்து மாற்றினேன். பெப்ரவரியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பக்கமும் மடங்கவில்லை. பூட்டிய அறையில் இருந்தவை கெட்டன, குடிசையில் இருந்தவை தப்பின. இதற்குப் பிறகும் புத்தகத்தைக் காப்பாற்றத்தான் பூட்டுகிறோம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அந்தப் பறவைப் புத்தகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதில் ஒரு பேரன் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் ஒக்டோபர் கடைசியில், விடிந்தும் விடியாத நேரம், எங்கள் வளவில் பலா மரத்தடியில் ஒரு சின்னக் குருவி தத்தித் தத்திச் சருகைக் கிளறிக்கொண்டு நின்றது. முதுகு பச்சை. கண்ணைச் சுற்றி மை தீட்டியது மாதிரிக் கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. அதன் அடியில் செக்கச் சிவப்பு. பேரன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். என் அம்மாவுக்குக் கண் தெரிவது குறைவு. ஆனால் திண்ணையில் இருந்தபடியே அந்தச் சீட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னா, “மனே, ஆறுமணிக்குருவி வந்திட்டு. மாரி துவங்கப் போகுது.”

அது எங்கேயிருந்து வருகிறது என்று பேரன் கேட்டான். அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை வாசிகசாலைக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தோம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் உள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும் முன் தெற்கே பறந்து இலங்கைக்கு வந்துவிடுமாம். சித்திரை வாக்கில் திரும்பிப் போகுமாம். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. பேரன் அன்றிலிருந்து ஒரு கொப்பி போட்டிருக்கிறான். மழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து வளவுக்கு வரும் பறவையெல்லாம் எழுதுவான். கொக்கு, மீன்கொத்தி, செண்பகம், பெயர் தெரியாதவற்றுக்கு ஒரு படம். அந்த மாரியில் அவன் ஒரு நாள்கூட ‘என்ன செய்யிறது’ என்று என் சீலையைப் பிடித்து இழுக்கவில்லை. இந்த முறையும் குருவி வரும். அதன் பக்கம் கிழிந்து போய்விட்டது என்று நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

புத்தகம் மட்டும்தான் என்று இல்லை. என் மருமகள் குரோசே பின்னக் கற்றது வாசிகசாலையில் கிடந்த ஒரு கைவேலைப் புத்தகத்தைப் பார்த்து. நான் பாய்க்கு எடுக்கும் கோலங்களில் இரண்டு, அங்கே சிறுவர் பகுதியிலுள்ள கட்டம் போட்ட படங்களைப் பார்த்து எண்ணி எடுத்தவை. மாரியில் காற்றில் ஈரம் இருப்பதால் பன் முறியாமல் வளைந்து கொடுக்கும். நுணுக்கமான கோலம் எடுக்க அதுதான் நல்ல காலம். ஒரு பக்கம் நான் இழைப்பேன். மற்றப் பக்கம் மருமகள் பின்னிக்கொண்டே கதைப்புத்தகம் வாசிப்பாள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. கதையில் ஒருத்தி அழுதால் அம்மாவும் மூக்கைத் துடைப்பா. அப்புறம் இஞ்சித் தேத்தண்ணி. இதை விடப் பெரிய சந்தோசம் எனக்குத் தெரியாது, எனக்கு வேண்டவும் வேண்டாம்.

வாசிகசாலைக் களஞ்சிய அறையில் ஒரு கரம் பலகையும் இரண்டு சதுரங்கப் பலகையும் இருக்கின்றன. யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. ஒரு காலத்தில் பிள்ளைகள் அங்கேயே ஆடினார்கள். இப்போது பூட்டிக் கிடக்கின்றன. ஈரத்தில் பலகை ஊதிக் காய் ஓடாமல் போகும் என்று பயப்பட வேண்டாம். காயவைத்துப் பவுடர் போட்டு ஆடப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆடாமல் சுவரில் சாய்த்து வைத்தால்தான் அது வளையும்.

‘இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, பிறகென்ன’ என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அவருக்கு மரியாதையோடு ஒரு விடயம் சொல்கிறேன். மாரியில் எங்கள் பக்கம் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் கடைசியில் நாட்டில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்த அந்த மழையில் எங்கள் ஒழுங்கை மூன்று இரவு இருட்டில் கிடந்தது. போனில் மிச்சமிருந்த சார்ஜை நாங்கள் உயிரைப்போல் பொத்தி வைத்தோம். வட்டையில் இருப்பவர் எடுத்தால் பேச வேண்டும். தண்ணீர் படியேறினால் அனர்த்த உதவிக்கு 117க்கு அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் போனைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? குப்பி விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் வாசிக்கலாம். தாயம் உருட்டலாம்.

மாரி எங்களுக்குப் பயமும்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எனக்கு எட்டு வயது. கூரை பறந்த இரவு அது. 2004இல் கடல் வந்ததும் டிசம்பரில். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாங்கள் ஒன்பது நாள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். எங்கள் வகுப்பறையில் பதினான்கு குடும்பம். மூன்றாம் நாள் இரவு பிள்ளைகள் ஒருவர் அழ மற்றவரும் அழத் தொடங்கினார்கள். தாய்மாரும் அழும் நிலை. பக்கத்துக் குடும்பத்துப் பெண் தன் சாமான் பைக்குள் கையை விட்டு, வெள்ளம் வருமுன் வாசிகசாலையில் எடுத்திருந்த ஒரு விடுகதைப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். அதை ஏன் தூக்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ‘கூரை வீட்டைப் பிரித்தால் ஓட்டு வீடு, ஓட்டு வீட்டைப் பிரித்தால் வெள்ளை மாளிகை, மாளிகைக்குள்ளே குளம்’ என்று வாசித்தாள். ஒரு மூலையிலிருந்து ஒரு கிழவர் “தேங்காய்!” என்று கத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் விளக்கு வைத்ததும் பிள்ளைகள் தாங்களாகவே அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். புத்தகம் முடிந்ததும் கிழவர்கள் தங்களிடம் இருந்த நொடிகளை அவிழ்த்துவிட்டார்கள். அந்தப் புத்தகம் நவம்பரில் ‘ஒப்படைக்கப்பட்டு’ அலுமாரிக்குள் இருந்திருந்தால் அந்த ஒன்பது நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். நீங்களும் பதாகை கட்டி, பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து, பரிசும் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம்தான். என் பேரனும் போன வருடம் பரிசு வாங்கினான். ஆனால் ஒக்டோபரில் வாசி வாசி என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நவம்பர் முதலாம் திகதி கதவைச் சாத்தினால், அந்தப் பிள்ளை எதை வாசிக்கும்? வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு படுவான்கரையிலிருந்து நகரம் கிட்டவாகிவிட்டது, நகர நூலகத்துக்குப் போகலாமே என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரிலிருந்து பிரதான வீதிக்கு வரும் பாதை இரண்டு இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கும். எங்களுக்கு எட்டக்கூடியது அந்த ஒரு கட்டடம்தான்.

சபையில் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் புதிய கட்டடம் கேட்கவில்லை. கேட்பது இவைதான்.

நவம்பர் 1 மூடும் முடிவை மீளப் பெறுங்கள். எல்லா நாளும் திறக்க ஆள் இல்லையென்றால், கிழமைக்கு மூன்று நாள், காலை ஒன்பது தொடக்கம் ஒரு மணிவரை திறந்தாலும் போதும். திறக்கும் நாளில் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். பொறுப்பாளர் வர முடியாத நாளில் திறப்பை வாங்கித் திறந்து உதவ அங்கத்தவர்களில் நாங்கள் நாலு பேர் பெயர் தரத் தயார். எழுத்தில் கேட்டால் எழுத்தில் தருகிறோம்.

மாரி மூன்று மாதமும் ஒரு அட்டைக்கு இரண்டு புத்தகம் என்பதை ஐந்தாக்குங்கள். பதினான்கு நாள் என்பதை ஒரு மாதமாக்குங்கள். வீதி மூடிய நாட்களுக்குத் தண்டப்பணம் அறவிட வேண்டாம். புத்தகம் அலுமாரியில் நனைவதைவிட வீடுகளில் இருப்பது பாதுகாப்பு என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கரம் பலகையையும் சதுரங்கப் பலகைகளையும் களஞ்சியத்திலிருந்து எடுத்து, புத்தகம்போலவே வீடுகளுக்கு இரவல் கொடுங்கள். ஒரு ஒழுங்கைக்கு ஒரு கிழமை என்று முறை வைத்தால் சண்டை வராது.

பின்சுவர்ப் பக்கத்துக் கூரையில் மாற்ற வேண்டியது மூன்று தகரம். ஒக்டோபருக்குள் அதைச் செய்யுங்கள். கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்ற ஒரு அரை நாள் வேலை. அதை நாங்களே வந்து செய்து தருகிறோம்.

இனி வாசிகசாலையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் இரவல் பதிவேட்டையும் மேசைக்கு எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் வாசகர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேளுங்கள். இந்த மடலுக்கான பதிலையும், எந்தத் திகதியில் எங்களைச் சந்திப்பீர்கள் என்பதையும், அந்த அறிவித்தல் ஒட்டிய அதே கதவில் ஒக்டோபர் 15ஆம் திகதிக்குள் ஒட்டுங்கள்.

என் கையில் இப்போது வாசிகசாலைப் புத்தகம் இரண்டு இருக்கிறது. நீங்கள் சொன்னபடியே ஒக்டோபர் 31க்கு முன் கொண்டுவந்து ஒப்படைப்பேன். அன்றைக்கு எனக்கு மாரிக்கு வாசிக்க வேறு புத்தகங்கள் தர வேண்டும். பழுதான பறவைப் புத்தகத்துக்குப் பதிலாக ஒன்றும் வாங்கி வைத்திருக்க வேண்டும். என் பேரனும் என்னோடு வருவான்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருட அங்கத்தவர் ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு.